மூச்சுப் பயிற்சியும் மருந்துதான். அதைத் தமிழில் கேட்டு வாங்குவோம்

வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்புகிறவர்கள் பலர் மூன்று பந்துகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கருவியோடு வருகிறார்கள். குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழும்பும். நொடிக்கு 600, 900, 1200 மில்லி என இழுக்கும் வேகத்துக்கேற்ப அவை உயரும். ஆனால் குழாயைக் கண்டதும் ஊதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஊதினால் பந்து அசையாது. நுரையீரலே போய்விட்டதோ என்ற பயம்தான் மிஞ்சும். கருவி அலமாரிக்குப் போய்விடும். 'உள்ளே இழுங்கள்' என்ற ஒரு சொல் புரியும்படி சொல்லப்படாததால் ஒரு சிகிச்சையே வீணாகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மூச்சுப் பயிற்சியும் மருந்துதான். அதற்கும் அளவு உண்டு, முறை உண்டு, நிறுத்த வேண்டிய நேரம் உண்டு. அவற்றைத் தன் மொழியில் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

இந்தப் பயிற்சி என்னதான் செய்கிறது? நோயில் தளர்ந்த உடம்பு, வயிற்றுக்கு மேலுள்ள உதரவிதானத்தை விட்டுவிட்டுக் கழுத்துத் தசையாலும் தோளாலும் மூச்சை இழுக்கப் பழகிவிடுகிறது. மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுவதால் நாலு படி ஏறினாலே இளைக்கிறது. வயிற்றில் கை வைத்து, அந்தக் கை மெல்ல உயரும்படி மூக்கால் மூச்சை இழுப்பது பழைய வழக்கத்தை மீட்கிறது. சூடான டீயை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நிதானமாக மூச்சை விட்டால், காற்றுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் உள்ளே தங்கிய காற்று வெளியேறுகிறது. மூச்சு முட்டும்போது உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றுவதும் ஆறுதல் தரும். கோவிட்டிலிருந்து மீள்வோருக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டிலும் இத்தகைய முறைகள் உள்ளன. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 செப்டம்பரில் தந்த வழிகாட்டுதலும் மருத்துவர் சொன்னபடி மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னது. கோவிட்டுக்குப் பிறகும் தொல்லை நீடித்த 585 பேரிடம் பிரிட்டனில் நடந்த ரீகெய்ன் ஆய்வு 2024இல் வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் எட்டு வாரம் குழுவாக உடற்பயிற்சியும் மனநல ஆதரவும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாக அது காட்டியது. மேற்பார்வை என்ற சொல் இங்கே முக்கியம். தழும்பேறிய நுரையீரலைப் பயிற்சி புதிதாக்கிவிடாது. இருக்கும் திறனை முழுதாகப் பயன்படுத்தக் கற்றுத்தரும்.

பிராணாயாமம் நம் பாட்டன் சொத்து, இதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே பிராணாயாமம் இடம்பெற்றிருக்கிறது, ஆனால் உடல் இடம் தரும் அளவுக்கு என்ற நிபந்தனையோடு. நிதானமாக மூச்சு விடுவது வேறு, கபாலபாதி போல வயிற்றை வெட்டி வெட்டி மூச்சைத் தள்ளுவது வேறு. கபாலபாதிக்குப் பிறகு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கிய ஒரு நோயாளியைப் பற்றி 2004இலேயே மருத்துவ இதழ் ஒன்று எழுதியிருக்கிறது. அது அபூர்வம் என்றாலும், நிமோனியாவில் புண்பட்ட நுரையீரலோடும் இதய நோயோடும் இருப்பவர் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் கோவிட் இல்லை என்று 2020இல் கைபேசிகளில் பரவிய செய்தியும் பொய்யென்று உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. இன்னொரு ஆபத்து, தம் கட்டி உழைப்பது. இன்று கொஞ்சம் கூடுதலாகச் செய்து நாளையும் மறுநாளும் எழ முடியாமல் போனால், உடம்பு நிறுத்தச் சொல்கிறது என்று பொருள். அங்கே பிடிவாதம் கெடுதலே செய்யும். ஓய்விலேயே ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ பயிற்சியை விட்டுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் ஆஸ்பத்திரியின் பொறுப்பும் தீர்ந்தது என்ற எண்ணமே இந்தப் பயிற்சி கிடைப்பதற்குப் பெரிய தடை. இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று பக்கத்துத் திருச்சூரில்தான் உறுதி செய்யப்பட்டார். அதே ஆண்டில் கேரளம் கோவிட்டுக்குப் பிந்தைய கிளினிக்குகளையும் திறந்தது. ஆனால் 2021 ஆகஸ்டில், வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவர்கள் பிந்தைய சிகிச்சைக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் பணம் கட்ட வேண்டும் என்று அரசாணை வந்தது. அதன்படி பொது வார்டுக்கு நாளொன்றுக்கு 750 ரூபாய். தொற்று நீங்கி 30 நாளுக்குள் இறந்தால் அதைக் கோவிட் மரணமாக எண்ணும்போது, அந்த நாட்களின் சிகிச்சைக்குக் கட்டணம் ஏன் என்று கேரள உயர் நீதிமன்றம் அந்த அக்டோபரில் கேட்டது. அந்தக் கேள்வி எந்த வைரஸுக்கும் பொருந்தும். உயிரைக் காப்பதோடு சிகிச்சை முடிவதில்லை. மூச்சு சீராகி, மனிதர் மாந்தோப்புக்கும் வயலுக்கும் திரும்பும்போதுதான் முடிகிறது.

மொழி ஒரு சின்ன விஷயம், இங்கே எல்லாருக்கும் மலையாளம் புரியுமே என்பார்கள். கடைத்தெருவில் பேசப் போதுமான மலையாளம், இழுப்பதா விடுவதா என்ற இடத்தில் போதாமல் போகலாம், அதுவும் மூச்சு வாங்கும் முதியவருக்கு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. குறைகளை நாட்டிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் எழுதித் தரும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு எல்லாருக்கும் தருகிறது. ஆகவே பயிற்சிக் குறிப்பு தமிழில் வேண்டும் என்று பஞ்சாயத்துக்கும் மாவட்ட மருத்துவ அலுவலகத்துக்கும் தமிழிலேயே மனு கொடுக்கலாம்.

ஓ.பி.யில் இருக்கும் கூட்டத்தில் டாக்டருக்கு ஏது நேரம், கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஏது பயிற்சி என்ற கவலை உண்மையானது. ஆனால் இதற்குத் தேவைப்படுவது ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்தான். டாக்டரே கற்றுத்தர வேண்டியதும் இல்லை, பிசியோதெரபிஸ்டோ நர்சோ போதும். கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் நாள்பட்ட இளைப்பு நோய்க்கென ஸ்வாஸ் திட்டம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு 1056 என்ற திசா உதவி எண் உண்டு. வீடு திரும்பும் நாளில் கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் பயிற்சியை எத்தனை தடவை செய்வது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது, மறுபடி எப்போது வந்து காட்டுவது. பிறகு கற்றுத்தந்தவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். பந்து எழும்பியதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.