மண்ணும் வானும் கலந்த கறுப்பு

பிடிஎஸ் இசைக்குழுவின் ஆர்எம் 2022 டிசம்பரில் வெளியிட்ட 'இண்டிகோ' என்ற தனி ஆல்பத்தின் முதல் பாட்டுக்குப் பெயர் 'யுன்'. ஆல்பத்தின் அட்டையிலும் ஓர் ஓவியம் சுவரில் தொங்குகிறது. பாட்டு யாரைச் சொல்கிறதோ, அவர்தான் அந்த ஓவியத்தையும் வரைந்தவர்: 2007இல் காலமான தென்கொரிய ஓவியர் யுன் ஹியோங்-குன். அவருடைய படங்களை முதன்முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் வரும். வெள்ளை பூசாத பழுப்புத் துணி. அதன்மேல் மேலிருந்து கீழாக இரண்டோ மூன்றோ கரிய பட்டைகள். மலை இல்லை, ஆறு இல்லை, மனித முகம் இல்லை. ஆனாலும் கொரியாவின் மண், அதன் இயற்கை, அந்நாட்டு மனிதனாக இருப்பதன் பாரம் இவற்றையெல்லாம் இந்தப் படங்கள் பேசுவதாக விமரிசகர்கள் சொல்கிறார்கள். இது வெறும் புகழ்ச்சியா, இல்லை படத்திலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறதா? ஆதாரம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு நாட்டின் காட்சிகளை வரைந்தால்தான் அந்த நாட்டை வரைந்ததாகும் என்ற நம் எண்ணம்தான் அதைப் பார்க்கவிடாமல் தடுக்கிறது.

முதலில் அந்தக் கறுப்பைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். அது குழாயிலிருந்து பிதுக்கிய கறுப்பு அல்ல. யுன் கையாண்டவை பெரும்பாலும் இரண்டே நிறங்கள்: பர்ன்ட் அம்பர் எனப்படும், சுட்ட மண்ணிலிருந்து வரும் அடர்பழுப்பு, அல்ட்ராமரைன் என்ற ஆழ்ந்த நீலம். பழுப்பு மண்ணுக்கு, நீலம் வானுக்கு, இரண்டும் சேர்ந்து நிற்கும் வடிவம் ஒரு வாசல் என்று 1977இல் தன் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்தார். டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்த எண்ணெய்ச் சாயத்தை அகலத் தூரிகையால் துணியில் இழுப்பார். துணி அதை உறிஞ்சும். உலர்ந்த பிறகு அதே இடத்தில் மறுபடி ஒரு பூச்சு, சில நாள் கழித்து இன்னொன்று. ஒரு படம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இப்படியே வளரும். கடைசியில் பட்டையின் நடுப்பகுதி அடர்கறுப்பாகிவிடும். ஓரத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து, பழுப்பும் நீலமும் தனித்தனியாக மங்கலாகத் தெரியும். எத்தனை முறை பூசினார், எங்கே சாயம் கூடுதலாக நீர்த்திருந்தது என்பதெல்லாம் அந்த ஓரத்தில் பதிந்திருக்கிறது. கொரியக் கைத்தாளில் மசி பரவுவதை எண்ணெய்ச் சாயத்தைக் கொண்டு துணியில் நிகழ்த்தியிருக்கிறார். மலைச்சரிவில் விழுந்து, வேர்ப்பக்கம் மட்கி மண்ணின் நிறத்துக்கே வந்துவிட்ட பெருமரம் ஒன்று தன்னை எப்படிப் பாதித்தது என்று அவர் எழுதியிருக்கிறார். மரத்தை அவர் வரையவில்லை. மரம் மண்ணாகும் விதத்தை, பொறுமையாக ஊறி இருண்டுபோகும் அந்த நிகழ்வை, வேலைமுறையாகவே எடுத்துக்கொண்டார். இயற்கை அவர் படத்துக்குள் வந்த வழி இதுதான்.

இத்தனை குறைத்துக்கொண்டதற்குக் காரணம் அவர் வாழ்க்கையில் இருக்கிறது. 1928இல், கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தபோது பிறந்தவர். 1947இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்து, அமெரிக்க ராணுவ நிர்வாகத்தை எதிர்த்த மாணவர் போராட்டத்தில் கைதாகி வெளியேற்றப்பட்டார். 1950இல் போர் மூண்டதும், இடதுசாரிச் சாய்வுள்ளவர்கள் என்று பட்டியலிடப்பட்டிருந்தவர்களை அரசுப் படைகள் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்றன. யுன் மயிரிழையில் தப்பினார். வடகொரியப் படை சியோலைப் பிடித்திருந்த நாட்களில் அவர்களுக்கு வேலை செய்தார் என்று சொல்லி 1956இல் ஆறு மாதம் சிறையில் வைத்தார்கள். 1973இல் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்தபோது, செல்வாக்கால் முறைகேடாக ஒரு மாணவி சேர்க்கப்பட்டதைத் தட்டிக்கேட்டார். கம்யூனிச எதிர்ப்புச் சட்டம் அவர்மீது பாய, மறுபடி சிறைக்குப் போனார். அவர் அணிந்திருந்த தொப்பி லெனின் தொப்பியைப் போல் இருக்கிறது என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. அதுவரை அவர் படங்களில், ஆசிரியரும் மாமனாருமான கிம் வான்கியின் சாயலில், தெளிந்த நீலமும் மஞ்சளும் இருந்தன. சிறையிலிருந்து வந்த பிறகு அந்த நிறங்கள் போயின. முழுநேர ஓவியராகத் தொடங்கியபோது அவருக்கு வயது 45. ஒரு தொப்பியின் வடிவத்தைக்கூட அரசியல் அடையாளமாகப் படித்துத் தண்டிக்கும் நாட்டில், அடையாளம் எதையும் சுமக்காத வடிவத்தை ஒருவர் தேடிப் போனதில் எனக்கு வியப்பில்லை.

"இந்தக் கதையெல்லாம் தெரியாவிட்டால் அது வெறும் இரண்டு பட்டைதானே? உருக்கமான வாழ்க்கையை வெறுமையான படத்தின்மேல் ஒட்டவைக்கிறீர்கள்" என்று கேட்கலாம். அலட்சியப்படுத்தக்கூடாத கேள்வி இது. கதையை ஒட்டும் வேலையை யுன் செய்யவில்லை. பெரும்பாலான படங்களுக்குப் பயன்படுத்திய இரு நிறங்களின் பெயரையே தலைப்பாக வைத்தார். சிறை என்றோ போர் என்றோ ஒரு சொல் இல்லை. வரலாறு தெரியாதவருக்கும் அந்தப் பட்டைகளின் எடை தெரியும், அவசரமில்லாமல் கட்டப்பட்டது தெரியும், இரு பட்டைகளுக்கு நடுவே விடப்பட்ட துணி ஒளிபோல் நிற்பது தெரியும். அவர் ஏன் அப்படி வரைந்தார் என்பதைத்தான் வரலாறு நமக்குச் சொல்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: கைப்பேசித் திரையில் பார்த்து இந்தப் படங்களை எடைபோடக் கூடாது. கசிந்த ஓரங்களும் துணியின் நெசவும் திரையில் காணாமல் போய்விடுகின்றன. மிஞ்சுவது உண்மையிலேயே இரண்டு பட்டைகள்தான்.

இன்னொரு வாதம், இது அமெரிக்க மினிமலிசத்தின் கொரியப் பிரதி என்பது. அக்காலக் கொரிய ஓவியர்கள் மேற்கத்தியப் போக்குகளை அறிந்தே இருந்தார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இயக்கத்தின் பெரும் பெயரான டொனால்ட் ஜட்டின் படைப்புகளோடு வைத்துப் பாருங்கள். ஜட்டின் உலோகப் பெட்டிகள் பட்டறையில் வேறொருவர் கையால் செய்யப்பட்டவை. கலைஞரின் கைத்தடம் அவற்றில் இருக்கக் கூடாது என்பதே கொள்கை. யுன்னிடம் கையும் காலமும்தான் எல்லாமே. தன் ஓவியத்தின் ஊற்றாக அவர் சொன்னது, சூசா என்ற புனைபெயரால் அறியப்படும் கிம் ஜியோங்-ஹுய்யின் தூரிகை எழுத்தை. 1786இல் பிறந்த அந்த அறிஞர் ஜேஜு தீவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டு, அங்கே 1844இல் நாலைந்து மரங்களும் ஒரு சிறு வீடும் மட்டுமே கொண்ட பனிக்காலக் காட்சியை வரைந்தார். தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கும். கல்வியும் நேர்மையும் உள்ளவனின் குணம் அவன் தூரிகைக் கோட்டில் தெரியும் என்பது அந்த மரபின் நம்பிக்கை. யுன் நின்றது அந்த வரிசையில். 1991இல் சியோலுக்கு வந்த ஜட் இவர் படங்களைப் பார்த்து, நியூயார்க்கிலும் டெக்சஸின் மார்ஃபாவிலும் காட்சிக்கு ஏற்பாடு செய்தார். பிரதியாக மட்டும் இருந்திருந்தால் அவருக்கு அதில் என்ன அக்கறை இருந்திருக்கும்?

எல்லாவற்றிலும் கனமான குற்றச்சாட்டு கொரியாவுக்குள்ளிருந்தே வந்தது. யுன்னையும் பார்க் சியோ-போ, ஹா ஜோங்-ஹியோன் போன்றவர்களையும் இன்று 'தான்செக்வா' அதாவது ஒருநிற ஓவியம் என்ற பெயரில் சேர்த்துச் சொல்கிறார்கள். பார்க் சுங்-ஹீயின் சர்வாதிகாரத்தில் மக்கள் நசுங்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் நிறத்தையும் துணியையும் பற்றித் தியானம் செய்துகொண்டிருந்தார்கள் என்று 1980களின் மக்கள் கலை இயக்கத்தார் கண்டித்தார்கள். ஒருநிற ஓவியர்களை மொத்தமாக வைத்துப் பார்த்தால் அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. யுன்னுக்கு அது அப்படியே பொருந்தாது. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றது. அந்த ஆண்டு அவர் வரைந்த படங்களில், அதுவரை நிமிர்ந்து நின்ற கரிய தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. சாயம் கட்டுப்பாடின்றி வழிகிறது. ஆண்டின் இறுதியில் அவர் நாட்டைவிட்டுப் பாரிஸுக்குப் போனார். அந்தப் படங்கள் குவாங்ஜுவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் யாருக்கும் தெரியாது. அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சுவரொட்டி செய்யும் வேலையை இந்த ஓவியத்தால் செய்ய முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நேராக மட்டுமே கோடு இழுத்துப் பழகிய ஒரு கை சாய்வதற்கு ஓர் அர்த்தம் உண்டு. எப்போதும் சத்தமிடும் ஓவியத்தில் அந்தச் சாய்வு கண்ணில் பட்டிருக்காது.

1990களில் வரைந்த படங்களில் எண்ணெய் குறைந்தது, கசிவு குறைந்தது, ஓரங்கள் கூர்மையாயின. பழுப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே கறுப்பில் மறைந்தன. மண்ணும் வானும் கண்ணுக்குத் தெரியாத இந்தப் படங்களுக்கும் நான் இதுவரை சொன்னது பொருந்துமா? முந்தையவற்றின் தொடர்ச்சியாகப் பார்த்தால் பொருந்தும் என்பேன். தனியாக எடுத்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். எனக்கு 1970களின் படங்களே மேலானவை. அவற்றில்தான் அந்த இரு நிறங்களும் இன்னும் கலந்து முடிக்காமல், ஓரத்தில் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன.