ஒரு சக்கரம் சுற்றுகிறது, மறு சக்கரம் நிற்கிறது!

மழைக்காலத்தில் சேற்றில் சிக்கிக்கொண்ட லாரியைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? டிரைவர் மிதிக்க மிதிக்க இன்ஜின் உறுமும். ஒரு பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றும். கெட்டியான தரையில் இருக்கும் மறுபக்கத்துச் சக்கரமோ அசையாமல் நிற்கும்.

"அந்தச் சக்கரமும் சுற்றினால் லாரி வெளியே வந்துவிடுமே சார், அது ஏன் சும்மா நிற்கிறது?" என்று என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி! 1930களில் உலகின் மிக வேகமான பந்தயக் கார்களைச் செய்தவர்களையும் இதே கேள்விதான் திணற வைத்தது.

முதலில் பள்ளி மைதானத்துக்குப் போவோம். நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து அணிவகுத்து வருகிறீர்கள். திருப்பம் வந்ததும் என்ன நடக்கும்? உள்பக்கம் இருப்பவர் மெல்ல நடப்பார். வெளிப்பக்கம் இருப்பவர் எட்டிப்போட்டு ஓடி வருவார். காரின் சக்கரங்களுக்கும் இதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் எவ்வளவு தூரம் அதிகமாக ஓடும்? 2 × 22/7 × 1.4 = 8.8 மீட்டர்! சின்ன வட்டமானாலும் பெரிய வட்டமானாலும் இந்த வித்தியாசம் மாறாது.

மாட்டு வண்டிக்கு இதில் சிக்கல் இல்லை. அதன் இரண்டு சக்கரங்களும் தனித்தனியே சுற்றும், இழுப்பது மாடு. மோட்டார் வண்டியில் இன்ஜின்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டிவிட்டால், திருப்பத்தில் டயர் தரையில் இழுபட்டுத் தேயும். வண்டியும் திரும்ப மறுக்கும்.

இதற்கு வழி கண்டவர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரம் செய்பவர். 1820களின் பிற்பகுதியில், நீராவி வண்டி ஒன்றுக்காகச் சின்னப் பல்சக்கரங்களைக் கோத்து ஒரு அமைப்பைச் செய்தார். அதுதான் டிபரன்சியல். இன்ஜினின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் சமமாகப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் வெவ்வேறு வேகத்தில் ஓட விடும்.

அப்படியானால் லாரி ஏன் சிக்குகிறது? மேசை மேல் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்கேலின் ஒரு முனைக்கு முன்னால் ஒரு பாடப்புத்தகம், மறுமுனைக்கு முன்னால் ஒரு காலித் தீப்பெட்டி வையுங்கள். ஸ்கேலின் நடுவில் ஒரே விரலால் தள்ளுங்கள். தீப்பெட்டி ஓடும், புத்தகம் நகராது! ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசைதான் போகும். தீப்பெட்டி எதிர்க்காததால் புத்தகத்துக்கும் கொஞ்சம்தான் கிடைக்கிறது. சேற்றில் இருக்கும் சக்கரம்தான் தீப்பெட்டி.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். அங்கே 1932இல் ஆடி, டிகேடபிள்யூ, ஹார்ச், வாண்டரர் என்ற நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 'ஆட்டோ யூனியன்' ஆயின. இன்றைய ஆடி காரில் நீங்கள் பார்க்கும் நான்கு வளையங்கள் அந்த நால்வரின் அடையாளம்தான். அவர்களுக்காகப் பந்தயக் கார் வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. டிரைவருக்குப் பின்னால் 16 சிலிண்டர் இன்ஜின்! 1936இல் வந்த காரின் திறன் சுமார் 520 குதிரைத்திறன்.

பேருந்து வேகமாகத் திரும்பும்போது நீங்கள் வெளிப்பக்கமாகச் சாய்கிறீர்கள் அல்லவா? பந்தயக் காரின் எடையும் அப்படித்தான் வெளிச்சக்கரத்தின் மேல் சாய்ந்துவிடும். உள்சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும். அதாவது, அது தீப்பெட்டி ஆகிவிடும்! டிரைவர் வேகம் கூட்டினால் உள்சக்கரம் புகை கிளப்பி வெறுமனே சுற்றும். அத்தனை குதிரைத்திறனும் வீண்!

1935இல் போர்ஷே, இசட்.எஃப். என்ற பல்சக்கர நிறுவனத்திடம் இந்தச் சிக்கலை ஒப்படைத்தார். அவர்கள் இரண்டு அச்சுகளுக்கும் இடையே, மேடுபள்ளமான வளையங்களையும் சறுக்கும் சிறு முளைகளையும் வைத்தார்கள். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழலப் பார்த்தால், உராய்வு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். விசையில் ஒரு பங்கு மறு சக்கரத்துக்குப் போகும். இதன் பெயர் 'லிமிடெட் ஸ்லிப் டிபரன்சியல்'. ஓரளவுதான் வழுக்க விடும் என்று பொருள். இந்த அமைப்போடு ஓடிய காரில்தான் பெர்ன்ட் ரோஸ்மேயர் 1936இல் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

மீண்டும் ஸ்கேலை எடுங்கள். இந்த முறை நடுவில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துத் தள்ளுங்கள். புத்தகமும் நகர்கிறதா? அந்த விரல் பிடிதான் உராய்வு!

1956இல் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் இது 'ட்வின் டிராக்ஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு செவர்லேயும் 'பாசிட்ராக்ஷன்' என்று கொடுத்தது. இன்று பல கார்களில், வழுக்கும் சக்கரத்தை மட்டும் கணினியே பிரேக் போட்டுப் பிடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சேற்றில் சுழலும் சக்கரத்துக்குப் பின்னால் ஒருபோதும் நிற்காதீர்கள். கல் தெறிக்கும், வண்டி சட்டென்று நகரும்.

என் மாணவனுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு சக்கரங்களையும் இறுக்கிக் கட்டினால் வண்டி திரும்பாது. முழுக்க அவிழ்த்து விட்டால் சேற்றை விட்டு ஏறாது. எவ்வளவு விடுவது, எவ்வளவு பிடிப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது!