உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரித் தவறும் இழப்பீடும்

தனியார் ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் போய், சிகிச்சையில் சந்தேகம் வந்துவிட்டால் திண்டுக்கல் பக்கம் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: உடலை வாங்க மறுப்பு, சாலை மறியல், போலீஸ் பேச்சுவார்த்தை, பொழுது சாய்வதற்குள் கலைந்துபோவது. மறியலில் கிடைத்த வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் ஒரு ரூபாய் வாங்க முடியாது. கேஸ் ஷீட் நகல் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் அது வழக்கின் முதல் ஆவணமாகியிருக்கும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள்.

மருந்துக் கடை, லேப் பில்களில் பாதி, சூட்டில் எழுத்து பதியும் வழுவழுப்பான தாள். திண்டுக்கல் வெயிலில் பீரோவுக்குள் வைத்தாலும் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். இன்னொன்று: "அறுக்க வேண்டாம்" என்று சொல்லி போஸ்ட்மார்ட்டத்தைத் தடுப்பது பாசம்தான். ஆனால் சாவுக்குக் காரணம் எதுவென்று சொல்லும் காகிதம் அதோடு இல்லாமல் போகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

டாக்டர் மீது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகவே முடியாது என்று ஒரு காலத்தில் நம் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருந்தது தெரியுமா? நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் நுகர்வோர் சட்டம் சொல்லும் 'சேவை' ஆகாது என்பது 1994 தீர்ப்பு. அதை உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று ஏற்க மறுத்தது. இந்திய மருத்துவச் சங்கம் ஒரு பக்கம், வி.பி. சாந்தா மறுபக்கம் என்று பெயர் பெற்ற அந்த வழக்குதான் இன்றுவரை எல்லாவற்றுக்கும் அடிப்படை. 2024 மே மாதம், வக்கீல்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்த அமர்வு, சாந்தா தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் கூடி, தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வக்கீல் தப்பினார், டாக்டர் மாட்டினார் என்று மருத்துவர்கள் புலம்புவதில் நியாயம் இல்லாமலில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்குச் சிறு தொகை கட்டினாலும் அது கட்டணச் சிகிச்சை ஆகாது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. ஆனால் சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் இலவசப் படுக்கையில் கிடந்தவரும் நுகர்வோர்தான். காப்பீட்டு நிறுவனம் பில் கட்டினாலும் அது கட்டணமே. ஆகவே "கார்டுலதானே பார்த்தீங்க, காசா கட்டினீங்க?" என்று யாராவது மடக்கினால் வாயடைத்துப் போக வேண்டாம்.

அப்படியானால் ஜி.ஹெச்.சில் தவறு நடந்தால் கதியில்லையா? இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. திண்டுக்கல்லுக்கும் சேர்த்து வழக்கு விசாரிக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் 2019 ஜூலையில் அவருக்கு 25 லட்சம் ரூபாயும் வீடும் அரசு வேலையும் தர உத்தரவிட்டது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இன்னொன்று எழும்பூர். 1996 ஆகஸ்டில் 29ஆம் வாரத்திலேயே, 1,250 கிராம் எடையோடு அரசு தாய்சேய் மருத்துவமனையில் பிறந்த ஒரு பெண் குழந்தை. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கும் ஆபத்து உண்டு. உரிய வாரத்தில் கண்ணைச் சோதித்தால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பும் உண்டு. சோதிக்கவும் இல்லை, சோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். தகப்பனார் விடவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1.8 கோடி ஆக்கியது. விலைவாசி வருஷா வருஷம் ஏறும் என்பதையும் கணக்கில் சேர்த்ததுதான் அந்தத் தீர்ப்பின் விசேஷம். பெரும்பங்கைக் கட்ட வேண்டியது அரசு. பெண்ணுக்கு அப்போது வயது 18.

"மதுரைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்பது வேடசந்தூரிலும் நத்தத்திலும் அன்றாடம் கேட்கும் வார்த்தை. மதுரை ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் வழக்குக்கும் மதுரைக்கே அலைய வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள புதிய நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கோவைக்கோ வேலூருக்கோ போய் வைத்தியம் பார்த்தவருக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கட்டிய பில் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, கேட்கும் இழப்பீடு 20 லட்சமானாலும் சரி. பில் 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. இருந்தாலும் மருத்துவ வழக்கைத் தனியாக நடத்துவது லேசுப்பட்ட காரியம் அல்ல.

ஆபரேஷன் பலிக்கவில்லை என்பது மட்டும் தவறு ஆகாது. அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே கேள்வி. அதற்கு இன்னொரு டாக்டரின் கருத்து பெரும்பாலும் தேவைப்படும், சக டாக்டரைப் பற்றி எழுதித் தர ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த இடத்தில்தான் உதவுகிறது. அந்த வழக்கில் மலேரியா நோயாளிக்கு டைபாய்டு வைத்தியம் பார்த்திருந்தார்கள். வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்தால் அதற்கு நிபுணர் எதற்கு?

பஞ்சு என்றதும் ஒரு எச்சரிக்கை. கோவாவைச் சேர்ந்த ஒரு நர்ஸுக்கு 1993இல் பித்தப்பை ஆபரேஷன். வலி விடவே இல்லை. 2002இல் மறுபடி திறந்து பார்த்தபோது உள்ளே மருத்துவத் துணி. 2004இல் வழக்கு. உச்ச நீதிமன்றம் 2010இல் தள்ளுபடி செய்தது. வலி இருந்தும் ஒன்பது வருஷம் அந்த டாக்டரிடம் போய்க் கேட்காமல் இருந்தது ஏன், அதுவும் நர்ஸாக இருந்துகொண்டு என்பது நீதிபதிகளின் கேள்வி. புகாருக்குக் கெடு 2 ஆண்டு.

ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து எழுதித் தந்து நோயாளி இறந்தால், அதுவே தவறுக்குப் போதிய சான்று என்பது 1996 தீர்ப்பு. அன்று கிடைத்த இழப்பீடு 3 லட்சம்.

இந்தியாவில் பெரிய தொகை என்று எல்லோரும் சொல்லும் வழக்கு கொல்கத்தாவுடையது. தோல் உரியும் அரிய நோய்க்கு அளவுக்கு மீறி ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டு, அனுராதா சாஹா 1998 மே மாதம் இறந்தார். அமெரிக்காவில் டாக்டராக இருந்த கணவர் குணால் சாஹா 15 வருஷம் போராடி, 2013இல் 5.96 கோடி ரூபாயும் 6 சதவீத வட்டியும் பெற்றார். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இழப்பீட்டில் வருமான இழப்புக்குப் பெரிய பங்கு. அமெரிக்கச் சம்பளக்காரருக்குக் கோடி வரும். நிலக்கோட்டையில் பூப்பறிக்கப் போகிறவர் இறந்தால், அதே தவறுக்கு லட்சத்தில் முடிந்துவிடும்.

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் எலும்பு சிகிச்சை மருத்துவமனை தீப்பிடித்து, லிஃப்டில் சிக்கியவர்கள் உள்பட 6 பேர் இறந்தார்கள். அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தது. அது நிவாரணம், இழப்பீடு அல்ல. அதை வாங்கியதால் வழக்குத் தொடுக்கும் உரிமை போய்விடாது. தனியார் ஆஸ்பத்திரி தன் பணத்தைக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கினால் அது வேறு சங்கதி. அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, பணம் வாங்கித் தரும் அதிகாரம் இல்லை. நியூசிலாந்தில் 1974 முதல் கதையே வேறு: சிகிச்சையால் காயம்பட்டால் யார் தவறு என்று நிரூபிக்காமலே அரசு நிதியிலிருந்து உதவி வரும், அதற்கு ஈடாக நஷ்ட ஈட்டு வழக்குப் போடும் உரிமை கிடையாது. நம் ஊரில் அதற்குக் கொஞ்சம் நெருங்கி வருவது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கான அரசுத் திட்டம். அறுவை பலிக்காமல் கரு தங்கினால், தவறை நிரூபிக்காமலே நிர்ணயித்த தொகை உண்டு. தெரியவந்த 90 நாளுக்குள் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் எவருக்கும், வருமானம் எவ்வளவு ஆனாலும், இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.

ஜெயித்த பிறகு? ஆஸ்பத்திரி மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள். அதற்குள் விதித்த தொகையில் பாதியைக் கட்டினால்தான் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்வார்கள். மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை என்று இழுத்தடித்தால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கும் நீங்கள்தான் தனியாக ஒரு மனுப் போட வேண்டும்.