தோல் நோயாளியின் மனவேதனைக்குச் சிகிச்சை உண்டு

சொரியாசிஸ் என்னும் செதில் நோயோ வெண்புள்ளியோ தொட்டால் ஒட்டும் வியாதி அல்லவென்று வைத்திய சாஸ்திரம் ஐயமற நிலைநாட்டியிருந்தும், பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போவதையும், வரன் பார்க்க வந்தவர்கள் காரணம் சொல்லாமலே திரும்புவதையும் வருஷக்கணக்காகச் சகித்து, கடைசியில் உறக்கமும் உற்சாகமும் இழந்து வீட்டுக்குள் முடங்கிவிடுபவர்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். களிம்புக்காக மாதந்தோறும் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும் இவர்கள், மனவேதனையைப் பற்றி மட்டும் வைத்தியரிடம் வாய் திறப்பதில்லை, திறந்தாலும், "தோலுக்குத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டு அனுப்பிவிடும் அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரசு நடத்தும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை, 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு எல்லோருக்கும் அளித்திருக்கிறது. ஆகவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோர், உறக்கமின்மையையும் வெளியே போக மனம் வராமையையும் தோல் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, மனநலப் பிரிவுக்கான பரிந்துரையை அந்த ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். கல்லூரி மருத்துவமனை எட்டாத தூரத்திலிருந்தால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எங்கே பார்க்கிறார் என்று மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

மனநல மருத்துவரிடம் தோல் சிகிச்சைச் சீட்டை அவசியம் காட்ட வேண்டும். மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் சொரியாசிஸை உக்கிரப்படுத்தக்கூடுமாதலால், ஒருவர் எழுதிய மருந்து மற்றவருக்குத் தெரியாமலிருப்பது ஆபத்து. இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்டுங்கள். அதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று விட்டால் சொரியாசிஸ் முன்னிலும் கடுமையாகக் கிளம்பக்கூடும்.

விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைப்படுமென்று அஞ்சிப் பெற்றோரே சிகிச்சையைத் தடுக்கிறார்கள். ஆனால், நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு விதிக்கிறது. சேவையில் குறை கண்டால், 28-ஆவது பிரிவின்படி முதலில் நிலையத்தின் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடமும், திருப்தியில்லையெனில் மனநல மறு ஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். மனு கொடுக்கும்போது தேதியிட்ட ஒப்புகை வாங்கத் தவறாதீர்கள். ஒப்புகை இல்லாத மனுவை, வரவே இல்லையென்று கையை விரிப்பது அலுவலகங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவோர் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு முறை எழுந்தாலும் மறுநாள் ஓ.பி.க்கென்று காத்திராமல், அவரைத் தனியே விடாமல், அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனிருந்து அழைத்துச் செல்லுங்கள்.