அருளரா, கலாவா?

பாலையூற்று இளைஞரிடையே மாலைவேளைகளில் ஒரு வழக்கு நடக்கிறது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்த பாடகி மாதங்கி அருட்பிரகாசத்தின் இசைத்தட்டுகளுள் எது சிறந்தது? தந்தையின் இயக்கப்பெயரைத் தாங்கி 2005 இல் வந்த 'அருளரா', தாயின் பெயரால் 2007 இல் வந்த 'கலாவா'?

'அருளர்' கட்சியினரை எளிதில் மடக்க முடியாது. அதன் பாடல்கள் பல ஒரே மின்தாளப் பெட்டியிற் கருக்கொண்டவை. ஆதலால் இறுக்கம் குலையவில்லை என்பர். அமெரிக்க விசா சிக்கலால் இந்தியா, டிரினிடாட், அவுஸ்திரேலியா என்று அலைந்து பதிந்த 'கலா' அவர்களுக்குச் சந்தை இரைச்சல்.

அடியேன் 'கலா' கட்சி. காரணம் உறுமி. ஒரு முகத்தை அடித்து, மறுமுகத்தை வளைகோலால் உராய்ந்தெழுப்பும் அம்முழக்கம், 'பாய்ஸ்' என்ற பாட்டில் ஒட்டுவேலை அன்று. பாட்டையே அதுதான் இழுத்துச் செல்கிறது. முதற்பாட்டிலோ 'தளபதி' (1991) படத்து இளையராஜா இசை தலைகாட்டுகிறது.

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில்தான் எங்கள் கட்சி தடுமாறுகிறது. 'கிளாஷ்' என்ற ஆங்கில ராக் குழுவின் 1982 ஆம் ஆண்டுக் கிற்றார் ஒலிமீது எழுந்த பாட்டு அது. விசாவுக்குக் காத்துக்கிடப்போரை ஐயுறும் உலகை எள்ளுகிறது. நம்மவர் வீடுகளில் அந்த எள்ளல் யாருக்கு விளங்காது? ஆனால் பல்லவியில் துப்பாக்கி வெடியொலியே தாளமாகிறது. "அந்த ஒலியைத் தாளமாகக் கேட்க எங்கள் அம்மாவால் முடியுமா, சேர்?" என்றார் ஒரு மாணவி.

அவர் 'கலாவை' விரும்பிக் கேட்பவர். அப்பாட்டு வந்தால் மட்டும் தாண்டிவிடுவார்.