மக்னோலியா மரத்திலிருந்து நேர் வடக்கே

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஒரு மக்னோலியா மரம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது பேஸ்பால் மைதானத்துக்கு உள்ளேயே நின்றது! மைதானத்தின் பெயர் பான்ஸ் டி லியோன் பார்க். பந்து மரத்தில் பட்டாலும் ஆட்டம் நிற்காது. ஃபீல்டர் கிளைகளுக்கு நடுவே பந்தைத் தேட, அடித்தவர் ஓடிக்கொண்டே இருக்கலாம். புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத் அடித்த பந்துகூட இந்த மரத்தில் போய் விழுந்ததாக ஊரில் சொல்வார்கள்.

அட்லாண்டா கிராக்கர்ஸ் என்ற அணியின் மைதானம் இது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அணியில் ஆட முடியாத அநியாயமான காலம் அது. அதனால் கறுப்பின வீரர்களுக்கு பிளாக் கிராக்கர்ஸ் என்று தனி அணி. அவர்களும் இங்கே ஆடினார்கள். இன்று இரண்டு அணிகளுமே இல்லை. கிராக்கர்ஸ் கடைசியாக ஆடியது 1965-இல், ஊரின் புதிய ஸ்டேடியத்தில். அடுத்த ஆண்டே பழைய மைதானத்தை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கடைகளும் வண்டி நிறுத்துமிடமும்தான். பக்கத்தில் ஓடிய ரயில் பாதை, பெல்ட்லைன் என்ற நடைபாதைப் பூங்காவாகிவிட்டது. அதன் சரிவில் மரம் மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கிறது.

புதையல் வேட்டைக்கு இதைவிட நல்ல தொடக்கப் புள்ளி உண்டா? 'லெட்டர்பாக்சிங்' என்று ஒரு விளையாட்டு. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் ஒருவர் விட்டுவந்த பாட்டிலில் தொடங்கியது என்பார்கள். தண்ணீர் புகாத டப்பாவில் ஒரு ரப்பர் முத்திரையும் குட்டி நோட்டும் வைத்து ஒளித்துவிட்டு, துப்பு மட்டும் எழுதித் தருவார்கள். கண்டுபிடிப்பவர் தன் முத்திரையை அந்த நோட்டில் குத்துவார். டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். டப்பா அங்கேயே இருக்கும், அடுத்தவருக்காக.

நம் துப்பு இப்படி இருக்கட்டும்: 'மரத்திலிருந்து வடக்கே 100 மீட்டர்.'

காந்த ஊசியைப் பார்த்து நடந்தால் போதும்தானே? போதாது! பூமிக்கு அடியில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்புக் குழம்பு புரண்டுகொண்டே இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் அதிலிருந்துதான் பிறக்கிறது. குழம்பின் ஓட்டம் மாற மாற, காந்தப்புலமும் மெல்ல மாறும். கிராக்கர்ஸ் கடைசியாக ஆடிய காலத்தில் அட்லாண்டாவில் ஊசி கிட்டத்தட்ட நேர் வடக்கையே காட்டியது. இன்று சுமார் 5 பாகை மேற்கே விலகி நிற்கிறது.

ஐந்து பாகை என்ன பெரிதா? பெரிதுதான். அப்போது ஊசியைப் பார்த்து ஒருவர் இந்தத் துப்பை எழுதியிருந்தால், இன்று அதே ஊசியை நம்பி 100 மீட்டர் நடப்பவர் டப்பாவுக்கு மேற்கே ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார். புதர்களைக் கிளறிக் கிளறிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது! துப்பு எழுதுகிறவர் ஆண்டையும் குறித்துவைப்பது இதற்காகத்தான் அவசியம்.

உண்மையான வடக்கைச் சூரியனிடம் கேட்கலாம். வெட்டவெளியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, முற்பகலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வையுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து, பிறகு நீளத் தொடங்கும். மிகக் குட்டையான நிழல் அட்லாண்டாவில் சரியாக வடக்கே விழும். கடிகாரத்தில் அப்போது 12 மணியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி முத்திரை. பென்சில் அழிப்பானில் மக்னோலியா பூவைச் செதுக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பூவின் கீழே 1965 என்று போட ஆசையா? அப்படியே செதுக்கினால் தாளில் இடவலம் மாறிவிடும். மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி எழுதி, எழுதிய பக்கம் ரப்பரில் படும்படி கவிழ்த்துத் தேயுங்கள். திருப்பிப் போட்ட எண்கள் தாமாகவே அதில் பதிந்துவிடும். அந்தக் கோடுகளை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் ரப்பரை மட்டும் சீவி எடுங்கள்.