வங்கி ஏலத்தில் வீடு வாங்குவோர் கவனத்திற்கு

பிள்ளைகளின் படிப்புக்காக டவுனில் வீடு தேடும் விவசாயிகள் சிலர், வங்கி ஏலத்தில் வாங்கலாமா என்று கேட்கின்றனர். வாங்கலாம். தவணை கட்டாதோர் அடமானம் வைத்த வீடுகளை, 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி வங்கிகள் ஏலம் விடுகின்றன. 2025 ஜனவரியில் தொடங்கிய 'பேங்க்நெட்' இணையதளத்தில் பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துக்களைப் பார்க்கலாம்.

விலை குறைவதற்குக் காரணம் உண்டு. வீடு 'உள்ளது உள்ளபடியே' விற்கப்படும். அறிவிப்பில் 'குறியீட்டு சுவாதீனம்' என்றிருந்தால் பழைய உரிமையாளர் இன்னும் அங்கேயே குடியிருக்கலாம். காலி செய்விக்க நாளாகும். 'நேரடி சுவாதீனம்' உள்ளதையே நாடுவது நலம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கவும். வீட்டுவரி, மின்கட்டண பாக்கியையும் விசாரிக்கவும். படத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்காமலா வருகிறோம்?

பணத்தில்தான் பலர் தவறுகின்றனர். உதாரணமாக, குறைந்தபட்ச விலை 10 லட்சம் என்றால் முன்வைப்புத் தொகை பெரும்பாலும் 1 லட்சம். 12 லட்சத்துக்கு ஏலம் எடுத்தால் மறு வேலை நாளுக்குள் கால்பங்கான 3 லட்சத்தை, முன்வைப்புத் தொகையும் சேர்த்து, நிறைவு செய்ய வேண்டும். மீதி 9 லட்சத்தை ஏலம் உறுதியான 15 நாட்களில் கட்ட வேண்டும். வங்கி எழுத்து மூலம் இசைந்தால் 3 மாதம் வரை அவகாசம் உண்டு. தவறினால் கட்டிய 3 லட்சமும் போய்விடும். இப்படிப் பறிமுதல் செய்வது செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆகவே, அறுவடைப் பணத்தை எதிர்பார்த்து ஏலம் கேட்க வேண்டாம்.

விவசாய நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. வீட்டோடு தோட்டமும் சேர்த்து ஏலத்துக்கு வந்திருந்தால், அங்கு சாகுபடி நடக்கிறதா என்று பார்த்து, வழக்கறிஞரைக் கலந்த பிறகே முன்பணம் கட்டவும்.